வில்லியம் லேதமின் கொம்புகள்: கணினிச் சிற்பம் ரேவ் மேடைக்குப் போன வழி (கேள்வி பதில்)

இந்த அமர்வுக்கு வந்த கேள்விகள் இரண்டு வகை. லேதம் யார், என்ன செய்தார் என்பது ஒன்று. அதே மாதிரி உருவங்களை இன்று நம் கணினியில் உருவாக்கி, ரேவ் என்ற எலக்ட்ரானிக் இசை நடனப் பார்ட்டியின் மேடைத் திரையில் ஓட்டுவது எப்படி என்பது இன்னொன்று. கலந்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவர் வேலையும் கலந்துதான் நடந்தது.

லேதம் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பிரிட்டனைச் சேர்ந்தவர், பிறந்தது 1961. ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கலைப்பள்ளியிலும் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டிலும் படித்தவர். 1987-ல் வின்செஸ்டரில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கே ஸ்டீபன் டாட் என்ற கணிதக்காரரோடு சேர்ந்து ‘மியூட்டேட்டர்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். உருவங்களைக் குட்டி போட வைத்து, பிடித்த குட்டியைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து அடுத்த தலைமுறையை எடுப்பது அதன் வேலை. 90-களில் கொம்புபோல் சுருளும் அந்த உருவங்கள் ‘தி ஷாமென்’ என்ற எலக்ட்ரானிக் இசைக்குழுவின் ஆல்பம் அட்டைக்கும் வீடியோவுக்கும் போயின. பிறகு வீடியோ கேம் கம்பெனி, 2007 முதல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் பேராசிரியர் பணி.

ஐபிஎம்முக்குப் போவதற்கு முன்பே கையால் இதைச் செய்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அதற்கு ‘ஃபார்ம்சின்த்’ என்று பெயர். 80-களின் நடுவில், ராயல் காலேஜில் படிக்கும்போது, பெரிய பெரிய தாள்களில் பென்சிலால் வரைந்த வம்சாவளி மரம் அது. மேலே கூம்பு, கனசதுரம், கோளம் போன்ற அடிப்படைத் திண்ம உருவங்கள். கீழே வர வர ஒவ்வொன்றின் மேலும் ஒரு விதி பாயும்: குடைந்தெடு, புடைக்க வை, சீவு, இழு. ஒரு விதி பட்டதும் புது உருவம், அதிலிருந்து இன்னும் இரண்டு கிளைகள். படம் வரைகிற வேலையை விதி எடுத்துக்கொண்டது, எந்தக் கிளையைத் தொடர்வது என்ற தீர்ப்பு மட்டும் கலைஞன் கையில் நின்றது. கணினி பின்னால் வந்து செய்ததெல்லாம் அந்தத் தாளை வேகப்படுத்தியதுதான். லேதமைக் ‘கணினிக் கலைஞர்’ என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

ஸ்டீபன் டாட்டின் பங்கு என்ன? வெறும் புரோகிராமரா?

அப்படிச் சொன்னால் அநியாயம். டாட் அதற்கு முன் தொடர்புத் தரவுத்தள (தகவலை அட்டவணைகளாக வைக்கும் முறை) ஆராய்ச்சியில் பெயர் வாங்கியவர். வின்செஸ்டர் மையத்தில் ‘வின்சம்’ என்ற திண்ம உருவ ரெண்டரர் (உருவத்தின் விவரத்தைப் படமாக்கும் நிரல்) ஏற்கெனவே இருந்தது. திண்மங்களைக் கூட்டுவது, கழிப்பது, வெட்டிக்கொள்வது அதன் அடிப்படை. அதன் மேல் ‘எஸ்மி’ என்ற எழுத்து மொழியில் உருவத்தை விவரிப்பார்கள். ஃபார்ம்சின்த்தின் ‘குடைந்தெடு’ இந்த மொழியில் அப்படியே ஒரு கழித்தல். கலைஞன் கொண்டுவந்த விதிகளும் மையம் வைத்திருந்த கருவியும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது அதிர்ஷ்டம்தான். கொம்பு வளரும் விதத்தை மொழியாக எழுதியதும் (‘ஃபார்ம்க்ரோ’), மியூட்டேட்டரின் தேடல் கணிதமும் டாட் இல்லாமல் வந்திருக்காது. 1992-ல் இருவரும் சேர்ந்தே ‘எவல்யூஷனரி ஆர்ட் அண்ட் கம்ப்யூட்டர்ஸ்’ புத்தகம் போட்டார்கள்.

அந்தக் கொம்பு உருவத்தை நானே செய்து பார்க்க வேண்டும். எந்த எண்களோடு ஆரம்பிப்பது? (பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், த்ரீ.ஜேஎஸ் என்ற 3டி நிரல் நூலகம் இரண்டும் தெரியும்)

இரண்டிலும் முடியும். கொம்பு என்பது ஒரே துண்டின் வரிசை. ஒவ்வொரு துண்டும் முந்தையதிலிருந்து கொஞ்சம் நகர்ந்து, கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் முறுக்கி, கொஞ்சம் சிறுத்து நிற்கும். முதலில் இப்படிப் போடுங்கள்: 40 துண்டுகள், துண்டு 1 அலகு ஆரமுள்ள கோளம், துண்டுக்குத் துண்டு இடைவெளி (மையத்திலிருந்து மையத்துக்கு) 0.45, மொத்த வளைவு 240 பாகை, மொத்த முறுக்கு 720 பாகை, கடைசித் துண்டின் அளவு முதலாவதில் 0.13 பங்கு.

40 துண்டுக்கு நடுவே 39 படிகள். எனவே ஒரு படிக்கு வளைவு 6.15 பாகை, முறுக்கு 18.5 பாகை, சிறுப்பு சுமார் 0.95. இடைவெளியும் அதே விகிதத்தில் சிறுக்க வேண்டும். அதை மறந்தால் நுனியில் மணிகள் உதிர்ந்து தனித்தனியாக மிதக்கும். சிறுத்துக்கொண்டே போவதால் கொம்பின் மொத்த நீளம் 8 அலகுக்குள் அடங்கிவிடும்.

ஒவ்வொரு படியிலும் முந்தைய துண்டின் அச்சில் நின்றபடி இந்த வரிசையில் பெருக்குங்கள்: நகர்த்து, முறுக்கு, வளை, சுருக்கு. வரிசை மாறினால் வேறு உருவம் வரும், அது தவறில்லை. ஆனால் ஒரு முறை முடிவு செய்ததை மாற்றாதீர்கள், சேமித்து வைத்த பழைய உருவங்கள் எல்லாம் பாழாகும்.

இடைவெளி 0.4 பக்கம் இருந்தால் ஆட்டுக்கிடா கொம்பு போல வரிவரியாக வரும். 1.2 வைத்தால் மணிமாலை. 2-ஐத் தாண்டினால் கோளங்கள் ஒன்றையொன்று தொடாது. கோளத்துக்குப் பதில் டோரஸ் வளையம் போட்டால் உள்ளே கூடு தெரியும் எலும்புக்கூட்டுத் தோற்றம் வரும், லேதம் படங்களில் அடிக்கடி பார்ப்பது அதுதான்.

வளைவைக் கூட்டினால் என் கொம்பின் உள்பக்கம் நசுங்கிக் கூழாகிறது. ஏன்?

வளைவின் ஆரம் துண்டின் ஆரத்தைவிடச் சிறியதாகிவிடுகிறது. கணக்கு எளிது: இடைவெளியை ஒரு படியின் வளைவால் (ரேடியனில்) வகுங்கள். மேலே சொன்ன எண்களில் 0.45 ÷ 0.107 = சுமார் 4.2. துண்டின் ஆரம் 1 என்பதால் பிரச்சினை இல்லை. மொத்த வளைவை 1000 பாகைக்குக் கொண்டுபோனால் அந்த விடை 1-ஐத் தொடும், அங்கிருந்து உள்பக்கம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். அந்த எல்லையில் 70 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: முறுக்கு பூஜ்யமாக இருந்தால் கொம்பு ஒரே தளத்தில் சுருளும். சிறுப்பும் குறைவாக இருந்தால் 360 பாகை தாண்டியதும் தன் மேலேயே மோதும். சிறு முறுக்கு கொடுத்தால் தளத்தை விட்டு எழுந்து சங்கு மாதிரி போகும். முறுக்கை இரண்டு மரபணுவாக (உருவத்தைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு இங்கே அந்தப் பெயர்) பிரித்து வையுங்கள்: பாதையை முறுக்குவது ஒன்று, துண்டை மட்டும் அதன் இடத்திலேயே சுழற்றுவது ஒன்று. துண்டு கோளமாக இருக்கும்வரை இரண்டாவது தெரியாது. சதுரம், நீள்வட்டம் போட்டதும்தான் அதன் அருமை தெரியும்.

துண்டுகளின் எண்ணிக்கையை மாற்றினால் உருவமே அடையாளம் தெரியாமல் போகிறதே?

படிக்கு இவ்வளவு என்று எழுதியிருப்பீர்கள். கொம்பு முழுவதற்கும் இவ்வளவு என்று எழுதுங்கள். ‘மொத்த வளைவு 240’ என்று இருந்தால் துண்டு 20 ஆனாலும் 80 ஆனாலும் வடிவம் அதேதான், வரிகளின் நெருக்கம் மட்டும் மாறும். நீளத்தையும் அப்படியே மொத்தமாக வையுங்கள். அனிமேஷனில் எண்ணிக்கை 40-லிருந்து 41-க்குப் போகும்போது நுனியில் ஒரு துண்டு திடீரென்று முளைக்கும். எண்ணிக்கையைத் தசமத்தில் வைத்து, 40.3 என்றால் 41-ஆவது துண்டை 0.3 பங்கு அளவில் போட்டால் அந்தத் துள்ளல் போய்விடும்.

மியூட்டேட்டர் மாதிரி ஒன்பது கட்டம் (நடுவில் பெற்றோர், சுற்றி எட்டுக் குட்டிகள்) செய்தேன். மூன்று தலைமுறைக்குள் ஒன்பதும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. இல்லாவிட்டால் ஒன்பதும் குப்பையாகிறது. நடுவில் எதுவும் இல்லை, சார்.

எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. நான்கு காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது, எல்லா மரபணுவையும் ஒரே நேரத்தில் ஆட்டுவது. 15 மரபணு இருந்தால், ஒவ்வொரு குட்டியிலும் 3 அல்லது 4-ஐ மட்டும் குலுக்கலில் எடுத்து மாற்றுங்கள். எது மாறியதால் எது வந்தது என்று அப்போதுதான் கண்ணுக்குப் புரியும்.

இரண்டாவது, மாற்றத்தின் அளவு. ஒவ்வொரு மரபணுவுக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை வைத்து, அந்த வீச்சில் 10 சதவீதத்தைத் திட்ட விலக்கமாக (குலுக்கல் மாற்றம் வழக்கமாகப் பரவும் அளவு) எடுங்கள். தேடும்போது 20, பிடித்த இடத்துக்கு வந்த பிறகு 3. இதற்கு ஒரு ஸ்லைடர் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, எல்லையில் வெட்டுவது. எண் எல்லையைத் தாண்டினால் எல்லையிலேயே நிறுத்தி வைக்கிறீர்கள் என்றால், சில தலைமுறையில் பாதி மரபணு எல்லையில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. தாண்டிய அளவை உள்ளே திருப்பி மடக்குங்கள்: மேல் எல்லை 100, வந்தது 108 என்றால் 92. கிளைக் கோணம் போல 360 பாகையில் பழைய இடத்துக்கே வரும் கோணங்களுக்கு மடக்கவும் வேண்டாம், சுற்றவிடுங்கள். சிறுப்பு விகிதத்தை மடக்கையில் (லாக்) மாற்றுங்கள், இல்லையென்றால் பெரிய பக்கமே ஜெயிக்கும்.

நான்காவது, நினைவு இல்லாமை. லேதமும் டாட்டும் செய்ததில் மிக அழகான பகுதி இதுதான்: நீங்கள் தொடர்ந்து எந்தத் திசையில் தேர்வு செய்கிறீர்கள் என்று நிரல் கவனித்து, அடுத்த தலைமுறையை அந்தப் பக்கமே கொஞ்சம் தள்ளிவிடும். நீங்கள் செய்ய: தேர்ந்த குட்டிக்கும் பெற்றோருக்கும் உள்ள வித்தியாசத்தில் 0.3, பழைய திசையில் 0.7, இரண்டையும் கூட்டிப் புதிய திசையாக வையுங்கள். எட்டுக் குட்டிகளில் ஆறை அந்தத் திசையில் போடுங்கள், இரண்டை முழுக்கக் குலுக்கலாக விடுங்கள். அந்த இரண்டை நீக்கினால் நிரல் உங்கள் பழக்கத்தையே உங்களுக்குத் திருப்பிக் காட்டும்.

நிறத்தை முதலில் மரபணுவில் சேர்க்காதீர்கள். சாம்பல் களிமண் நிறத்தில் வடிவத்தை முடியுங்கள். நிறம் இருந்தால் பளிச்சென்று இருக்கிற கட்டத்தில்தான் விரல் போய் நிற்கும், மட்டமான வடிவமாக இருந்தாலும்.

இரண்டு நல்ல உருவங்களைச் சேர்த்தால் இரண்டும் கெட்ட ஒன்று வருகிறது.

மரபணுவைத் தனித்தனியாகக் கலக்கிறீர்கள். வளைவும் பாதை முறுக்கும் ஒரு ஜோடி. துண்டின் வடிவமும் இடைவெளியும் ஒரு ஜோடி. கிளைகளின் எண்ணிக்கையும் கோணமும் ஒரு ஜோடி. ஜோடியைப் பிரிக்காமல் மொத்தமாக அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ எடுங்கள். கிளைக் கோணத்துக்கு 137.5 பாகையைத் தொடக்க மதிப்பாக வைத்தால் சூரியகாந்தி விதைபோல ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பரவும்.

இதெல்லாம் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் செய்ததுதானே?

தொடக்கம் அங்கேதான், லேதமும் டாட்டும் மறைக்கவில்லை. டாக்கின்ஸின் ‘பயோமார்ஃப்’ 1986-ல் வந்தது, கோடுகளாலான சிறு பூச்சி உருவங்கள், பரிணாமத்தை விளக்குவதற்காகச் செய்தது. லேதம் செய்ததில் நோக்கம் வேறு: தேர்வு செய்கிறவனின் ரசனைதான் அங்கே சூழல். அதே காலத்தில் அமெரிக்காவில் கார்ல் சிம்ஸ் 1991-ல் கணிதச் சமன்பாடுகளையே மரபணுவாக வைத்துப் படங்களை வளர்த்தார். 1997-ல் டோக்கியோவின் ஐசிசி கூடத்தில் அவர் வைத்த ‘கலாபகோஸ்’ படைப்பில் 12 திரைகள். எந்தத் திரை முன்னால் பார்வையாளர்கள் நிற்கிறார்களோ அந்த உயிர் பிழைக்கும், மற்றவை அழியும். தேர்வைக் கூட்டத்திடம் கொடுத்தது சிம்ஸ். தன் கையிலேயே வைத்துக்கொண்டது லேதம். கலைஞனைத் தோட்டக்காரன் என்று லேதமும் டாட்டும் சொன்னது இந்த அர்த்தத்தில்தான், பூ அவன் செய்ததல்ல, ஆனால் எதைக் களைவது என்பது அவன் முடிவு.

ஷாமென் குழுவோடு சரியாக என்ன செய்தார்?

1995-ல் வந்த ‘ஆக்சிஸ் மியூட்டாட்டிஸ்’ ஆல்பத்தின் காட்சி முகமே லேதமின் உருவங்கள்தான். ஆல்பத்தின் பெயரிலேயே மியூட்டேஷன் இருப்பதைக் கவனியுங்கள். அதே ஆல்பத்தில் ‘எஸ்2 டிரான்ஸ்லேஷன்’ என்றொரு பாட்டு, செரட்டோனின் (மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்) ஏற்பி புரதம் ஒன்றின் வரிசையை இசைக் குறிப்பாக மாற்றிச் செய்தது. குழுவின் காலின் ஆங்கஸும் விஞ்ஞானி ராஸ் கிங்கும் சேர்ந்து அமைத்தார்கள். இசையமைப்பாளரும் ஓவியரும் தனித்தனியாக ஒரே கேள்விக்கு வந்திருக்கிறார்கள்: மரபணு வரிசையை வைத்து வேறு என்ன செய்யலாம்? அதனால்தான் அந்தக் கூட்டு ஒட்டவைத்தது போல இல்லை.

ரேவ் காட்சிக்கு இந்த உருவங்கள் பொருந்தியதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. தரை கிடையாது, ஈர்ப்பு கிடையாது, கறுப்பு வெளியில் மிதக்கும் ஒரு திண்மம். ஓரம் இல்லாத படத்தை எந்தத் திரையிலும், எந்தச் சுவரிலும் போடலாம். கதை இல்லாததால் எங்கே வெட்டினாலும் வெட்டு தெரியாது. ஆறு நிமிடப் பாட்டை டிஜே பத்து நிமிடம் இழுத்தாலும் காட்சி தீராது, இன்னொரு தலைமுறை வரும்.

அந்தக் காலத்தில் கிளப்பில் நேரலையாகவா ரெண்டர் செய்தார்கள்?

இல்லை. அந்தத் தரத்தில் ஒரு ஃபிரேம் வருவதற்கே ஐபிஎம்மின் பெரிய இயந்திரங்களிலும் காத்திருக்க வேண்டிய காலம். ஃபிரேம் ஃபிரேமாக ரெண்டர் செய்து டேப்பில் ஏற்றி, இடத்தில் வீடியோ மிக்சர் வழியாக ஓட்டினார்கள். சிக்கல் இரண்டு விசிஆர்களைக் கலப்பதில். இரண்டின் ஒத்திசைவும் வேறு வேறு நேரத்தில் தொடங்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் படம் உருளும். டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி அதைச் சரிசெய்யும், ஆனால் விலை. பானாசோனிக் எம்எக்ஸ்50 போன்ற மிக்சர்கள் ஃபிரேம் சிங்க்ரனைசரை (அதே வேலையைச் செய்யும் பகுதி) உள்ளேயே கொண்டு வந்தபின்தான் சாதாரண விஜேக்கள் (இசைக்கேற்பத் திரைக் காட்சியை ஓட்டுகிறவர்கள்) இரண்டு டேப்பைத் தயக்கமில்லாமல் கலந்தார்கள். அமெரிக்காவில் பேர் வாங்கிய அமிகா கணினியின் ‘வீடியோ டோஸ்டர்’ அந்நாட்டு டிவி சிக்னலான என்டிஎஸ்சி-க்கு மட்டும் செய்தது, பிரிட்டனின் பால் சிக்னலுக்கு நேரடியாக உதவாது. அங்கே அமிகாவோடு ஜென்லாக் (கணினிப் படத்தை வீடியோவோடு ஒத்திசைக்கும் கருவி) வைத்து ஓட்டினார்கள்.

அந்தக் காலத்தில் இதே பாதையில் வேறு யாரைப் பார்க்க வேண்டும்?

மூன்று பெயர்களை. ‘ஸ்டாக்கர்’ (மார்க் மெக்லீன், காலின் ஸ்காட், இசையில் பிரையன் டோகன்ஸ்): ஃபேர்லைட் சிவிஐ என்ற ஆஸ்திரேலிய வீடியோ கருவியில் செய்த ‘யூரோடெக்னோ’, 1989. வேகமான வெட்டுக்கு இன்றும் பாடம். ‘ஹெக்ஸ்’: கோல்ட்கட் என்ற எலக்ட்ரானிக் இசை இரட்டையரில் ஒருவரான மாட் பிளாக், ராப் பெப்பரெல் முதலானோர். பிற்பாடு விஜேம் என்ற விஜே மென்பொருளுக்குப் போன வழி இது. மூன்றாவது ஜெஃப் மின்டர், 1984-ல் ‘சைக்கடீலியா’ என்ற ஒளி சின்தசைசரை வீட்டுக் கணினிக்கே எழுதியவர். மின்டர் மட்டும்தான் இவர்களில் முழு நேரலை. லேதமிடம் ஆழம், மின்டரிடம் உடனடித்தன்மை. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகளில் இரண்டும் சாத்தியம், ஆனால் பெரும்பாலோர் செய்வது இரண்டுமில்லாத லூப் ஓட்டம்.

அந்த லூப்தான் எனக்குத் தேவை! 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) செட்டுக்கு எத்தனை ஃபிரேம்?

128-ல் ஒரு பீட் 0.46875 விநாடி. விநாடிக்கு 60 ஃபிரேமில் அது 28.125 ஃபிரேம். இதை 28 என்று வெட்டினால் பீட்டுக்கு 2 மில்லி விநாடி வழுக்கும், ஒரு நிமிடத்துக்குள் அரை பீட் தள்ளி நிற்பீர்கள். லூப்பை 16 பீட்டுக்குச் செய்யுங்கள்: 7.5 விநாடி, 60-ல் சரியாக 450 ஃபிரேம், 30-ல் 225. 25 ஃபிரேமில் 187.5 வரும், அங்கே 32 பீட்டுக்குப் போய் 375 வையுங்கள். 125 பிபிஎம்மில் 25 ஃபிரேமுக்கு ஒரு பீட் சரியாக 12 ஃபிரேம்.

ஆனால் டிஜே பிட்சைத் தொட்டு வேகத்தை மாற்றியதும் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. நேரலை நிரலில் ஃபிரேமை எண்ணாதீர்கள். 0-லிருந்து 1 வரை போகும் பீட் கட்டத்தை (ஃபேஸ்) வாங்கி அதிலிருந்து கோணத்தைக் கணக்கிடுங்கள். லூப் மூடுவதற்கு: எல்லா மரபணுவும் சைன் அலையில், முழு எண் சுற்றுகளில் ஆட வேண்டும். ஒன்று 1 சுற்று, ஒன்று 2, ஒன்று 3. எல்லாம் ஒரே சுற்றில் இருந்தால் மூச்சு விடுகிற மாதிரிதான் இருக்கும், உயிர் இருக்காது.

ஆடியோவுக்கு ஏற்ப உருவம் துடிக்க வேண்டும். எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) போட்டாலும் நடுங்குகிறதே தவிர துடிக்கவில்லை.

சிக்னல் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். பூத் அவுட் (டிஜேயின் பக்கத்து ஸ்பீக்கருக்குப் போவது) வேண்டாம், டிஜே குமிழைத் திருப்பினால் உங்கள் அளவும் மாறும். பெரும்பாலான மிக்சர்களில் ரெக் அவுட் (ஒலிப்பதிவுக்கான வெளியீடு) மாஸ்டர் வால்யூமோடு சேராது, அதை எடுங்கள். நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போடுங்கள். லேப்டாப் சார்ஜரும் மிக்சரும் வேறு வேறு பிளக்கில் இருந்தால் வரும் ‘ம்ம்’ சத்தம் ஸ்பீக்கர் முழுக்கக் கேட்கும், அதற்கப்புறம் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

44,100 மாதிரியில் 1024 அளவு எஃப்எஃப்டி போட்டால் ஒரு பெட்டி (அதிர்வெண் துண்டு) 43 ஹெர்ட்ஸ். கிக் (தாளத்தின் கனமான டிரம் அடி) 40 முதல் 100-க்குள் இருக்கும், இரண்டு பெட்டியில் அடங்கிவிடுகிறது. 2048 போடுங்கள், பெட்டி 21.5 ஆகும். வந்த எண்ணை நேராக உருவத்துக்குக் கொடுப்பதால்தான் நடுங்குகிறது. ஏற்றம் 5 மில்லி விநாடி, இறக்கம் 150 முதல் 200 வரை உள்ள என்வலப் (ஏற்ற இறக்கத்தை மென்மையாக்கும் கணக்கு) வழியாக அனுப்புங்கள். கடைசி 10 விநாடியின் உச்சத்தால் வகுத்தால் பாட்டுக்குப் பாட்டு அளவு மாறாது. பிரேக்டவுனில் (டிரம் நின்று இசை அடங்கும் இடம்) மட்டும் அந்த உச்சம் ஒரு கீழ் எல்லைக்குக் கீழே இறங்காமல் தடுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய ஹாய்-ஹாட்டுக்கே உருவம் வெடிக்கும்.

கொம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் பெரிதாக்காதீர்கள். துடிப்பை அடித் துண்டில் கொடுத்து, அடுத்தடுத்த துண்டுக்கு ஒரு ஃபிரேம் தாமதமாக அனுப்புங்கள். 40 துண்டில் கிக் அடியிலிருந்து நுனிக்கு ஓட 0.65 விநாடி ஆகும். 128-ல் பீட் 28 ஃபிரேம் என்பதால் ஒரு துடிப்பு நுனியைத் தொடும் முன் அடுத்தது அடியில் கிளம்பிவிடும். பாம்பு விழுங்கிய இரை நகர்வது போல அது தெரியும் தருணத்தில்தான் ஆடுகிறவர்கள் திரையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒன்பது கட்டத்தில் கிளைகளோடு போட்டால் என் கார்டு படுத்துவிடுகிறது.

எண்ணிப் பாருங்கள். 32×16 பிரிவுள்ள கோளம் சுமார் 1000 முக்கோணம். 40 துண்டு, ஒவ்வொன்றிலும் 6 கிளை, கிளைக்கு 12 துண்டு: 2,880 கோளம், கிட்டத்தட்ட 30 லட்சம் முக்கோணம். ஒன்பது கட்டம் என்றால் 2.6 கோடி. கிளைத் துண்டுகளுக்கு 80 முக்கோண ஐகோஸ்ஃபியர் (முக்கோணங்களால் ஆன கோளம்) போதும், நார்மலை (பரப்பு நோக்கும் திசையை) மென்மையாக்கினால் வித்தியாசம் தெரியாது. இன்ஸ்டன்சிங் (ஒரே கோளத்தை ஒரு முறை ஏற்றிப் பல இடத்தில் வரைவது) கட்டாயம். ஒன்பது கட்டத்தையும் ஒவ்வொரு ஃபிரேமும் வரையாமல் சுட்டி நிற்கும் கட்டத்தை மட்டும் சுழலவிடுங்கள்.

எல்இடி திரையில் என் வரிக் கொம்பு மினுமினுக்கிறது, வீட்டு மானிட்டரில் அருமையாக இருந்ததே.

மாயிரே, அதாவது படத்தின் வரிகளும் திரையின் புள்ளிகளும் மோதி வரும் அலைக்கோலம். பி3.9 (புள்ளிக்குப் புள்ளி 3.9 மி.மீ.) பேனல் 50 செ.மீ. சதுரத்தில் 128×128 புள்ளிதான். 6×3 மீட்டர் திரை 12×6 பேனல், மொத்தம் 1536×768. அதற்கு 1920×1080 அனுப்பிச் சுருக்கினால் நுனியின் மெல்லிய வரிகள் புள்ளிகளோடு சண்டை போடும். சரியான 1536×768-ல் ரெண்டர் செய்யுங்கள், வரியின் தடிமன் 3 புள்ளிக்குக் கீழே போகும் இடத்தில் துண்டு எண்ணிக்கையைக் குறையுங்கள். திரை வாடகைக்கு விடுகிறவரிடம் பேனல் எண்ணிக்கையையும் பிராசஸர் உள்ளீட்டு அளவையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

உள்ளரங்கில் பிரகாசத்தை 20, 30 சதவீதத்துக்கு இறக்குவார்கள். அப்போது அடர்த்தியான நிழல்களில் படிப்படியாகக் கோடு விழும். லேதம் பாணிக் கறுப்புப் பின்னணிக்கு முழுக் கறுப்பே கொடுங்கள், ‘கிட்டத்தட்டக் கறுப்பு’ கொடுத்தால் சாம்பல் சதுரமாகத் தெரியும். நிழல் பக்கத்துக்கு மெல்லிய விளிம்பு ஒளி ஒன்று சேருங்கள்.

முன்பே ரெண்டர் செய்து ஓட்டுவதற்கு எந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை)?

ஹேப், அல்லது ரெசலூம் என்ற விஜே மென்பொருளில் டிஎக்ஸ்வி. எச்.264-ல் முன்னும் பின்னும் இழுத்தால் திணறும், பெரும்பாலான ஃபிரேம்கள் மற்ற ஃபிரேம்களை நம்பி நிற்பதால். ஹேப் 1080, 60 ஃபிரேமில் விநாடிக்கு அதிகபட்சம் 62 எம்பி, ஹேப் க்யூவில் அதன் இரட்டிப்பு. மூன்று லேயர் ஓட்டினால் எஸ்எஸ்டி இல்லாமல் முடியாது. நீள அகலம் நான்கால் வகுபட வேண்டும்.

ஸ்ட்ரோப் போடலாமா?

விநாடிக்கு 3 பளிச்சுக்கு மேல் வேண்டாம். 128-ல் பீட்டுக்கு ஒன்று என்றால் விநாடிக்கு 2.1, பரவாயில்லை. அரை பீட்டுக்கு ஒன்று போட்டால் 4.3, அது ஆபத்தான பக்கம். முழுத்திரைச் சிவப்பு இன்னும் மோசம். 1997-ல் ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறியதில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட்டத்தில் யாருக்கு வலிப்பு வரும் என்று உங்களுக்குத் தெரியாது.

கேம் கம்பெனி என்ன ஆயிற்று? இப்போது என்ன செய்கிறார்?

‘கம்ப்யூட்டர் ஆர்ட்வொர்க்ஸ்’ என்ற அந்தக் கம்பெனி முதலில் ‘ஆர்கானிக் ஆர்ட்’ என்ற ஸ்கிரீன்சேவரைக் கொண்டுவந்தது. ஐபிஎம்மில் பெரிய இயந்திரம் செய்ததன் எளிய வடிவம் வீட்டு கம்ப்யூட்டரில் ஓடியது. 2000-ல் ‘எவால்வா’ கேம், எதிரியின் மரபணுவை உறிஞ்சி உடல் மாறும் வீரர்கள் நால்வர். 2002-ல் ‘தி திங்’. 2003-ல் கம்பெனி மூடப்பட்டது. கோல்ட்ஸ்மித்ஸுக்கு வந்தபின் ஃபிரெடெரிக் ஃபோல் லேமரியோடு புரத மடிப்புக் காட்சிப்படுத்தல், பிறகு டாட், லான்ஸ் பட்னம் ஆகியோரோடு ‘மியூட்டேட்டர் விஆர்’. அதில் உருவத்துக்கு வெளியே நின்று பார்ப்பதில்லை, அதற்கு உள்ளேயே நிற்கிறீர்கள், கைக் கருவியால் தள்ளினால் உருவமும் ஒலியும் சேர்ந்து மாறும்.

ஏஐ-யிடம் ‘லேதம் ஸ்டைல்’ என்று கேட்டாலே வந்துவிடுகிறதே, இவ்வளவு கணக்கு எதற்கு அண்ணா?

படம் வரும் தம்பி. நாளை இரவு அதன் வளைவை மட்டும் 12 பாகை கூட்டி, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கிக்குக்குத் துடிக்க வை என்றால் வராது, ஏனென்றால் அதற்குள் கொம்பே இல்லை, கொம்பின் புகைப்படம்தான் இருக்கிறது. அட்டைப் படம் போதுமென்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் சம்பந்தப்பட்ட கலைஞரின் பெயரைக் கட்டளையில் போடாமல். மேடையில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டுமென்றால் 15 மரபணு எண்களைச் சேமித்து வையுங்கள். சேமிக்கும்போது வரிசை எண்ணால் இல்லாமல் பெயரால் சேமியுங்கள் (‘மொத்த வளைவு: 240’ என்று), பின்னால் பதினாறாவது மரபணுவைச் சேர்த்தாலும் பழைய உருவங்கள் திறக்கும்.